புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு மாற்றுத்திறனாளி சான்று, உதவித்தொகை: எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

காவேரிக்கரை:
மருத்துவமனை உதவி மேசைக்கு ஒரு குறிப்பு தயாராகிறது. தமிழ்நாட்டுக் கணக்கு மட்டும். வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "கேன்சர்னு பயாப்சி ரிப்போர்ட் இருக்கு, இதை வச்சு ஊனச் சான்று வாங்கலாமா, மாசா மாசம் பணம் வருமா?" பேச வசதியாக நான்கு மாதிரி எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, குரல்வளை முழுவதும் எடுக்கப்பட்ட 52 வயது லாரி ஓட்டுநர். இரண்டாவது, மார்பக அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, வலது கை வீங்கி, தோளுக்கு மேல் தூக்க முடியாத பனியன் கம்பெனித் தையல் தொழிலாளி; இஎஸ்ஐ, பி.எஃப் இரண்டும் உண்டு. மூன்றாவது, விழித்திரைப் புற்றால் ஒரு கண் எடுக்கப்பட்ட மூன்று வயதுக் குழந்தை. நான்காவது, எலும்புப் புற்றுக்காக முழங்காலுக்கு மேல் கால் எடுக்கப்பட்ட 19 வயது மாணவர்.

யாருக்கு என்ன கிடைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மனு மேசை:
முதல் பதிலை மேசையில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்: பயாப்சி ரிப்போர்ட்டுக்குச் சதவீதம் கிடையாது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ரத்தம் உறையாமை, தலசீமியா, சிக்கில் செல் மூன்றும் நோயின் பெயராலேயே உள்ளே இருக்கின்றன. பார்க்கின்சன் இருக்கிறது. புற்றுநோய் இல்லை. அந்த நோயோ சிகிச்சையோ உடம்பில் விட்டுப்போன நிரந்தர இழப்பு அந்த 21-ல் ஏதாவது ஒன்றில் பொருந்தினால்தான் கணக்கு ஆரம்பமாகும். சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதம் வாசல்படி.

உங்கள் ஓட்டுநர் விஷயம் சுலபம். அட்டவணையில் "பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு" என்ற வகைக்குச் சட்டமே கொடுத்திருக்கும் உதாரணம் குரல்வளை நீக்கம். இதைத் தெரியாமல் பல குடும்பங்கள் "கை கால் நல்லா இருக்கே, நமக்கு எங்கே தருவாங்க" என்று விண்ணப்பிப்பதே இல்லை.

திண்ணை:
கேன்சர் என்றாலே 40 சதவீதம் போட்டுத் தரச்சொல்லி உத்தரவு வந்திருக்கிறதாக வாட்ஸப்பில் ஓடுதே?

மனு மேசை:
அப்படி உத்தரவு இல்லை சார். மதிப்பீட்டு வழிகாட்டி 2018 ஜனவரியில் வந்தது, 2024 மார்ச்சில் திருத்தப்பட்டது. நரம்பியல் பகுதியில் அந்த வழிகாட்டி சொல்வதே இதுதான்: நோயை அளக்காதே, அதன் விளைவை அள. மற்ற பகுதிகளும் நடைமுறையில் அப்படித்தான் ஓடுகின்றன. நான்காம் நிலைப் புற்று இருந்தும் கைகால், கண், காது, பேச்சு எல்லாம் இயங்கினால் மருத்துவக் குழு எழுத ஒன்றும் இருக்காது. முதல் நிலையிலேயே காலை எடுத்திருந்தால் 80 சதவீதம் எழுதுவார்கள். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மூன்று முறை பஸ் ஏறி அலைவது மிச்சம்.

வார்டு ஏழு:
எண்களை நான் போடுகிறேன்.

கால் நீக்கத்துக்கு அட்டவணை நிலையானது. இடுப்பு மூட்டோடு எடுத்தால் 90, தொடையின் மேல் மூன்றிலொரு பாகம் வரை எடுத்தால் 85, கீழ் மூன்றிலொரு பாகம் வரை என்றால் 80, முழங்கால் மூட்டில் 75. முழங்காலுக்குக் கீழே 8 செ.மீ. வரை மிச்சமிருந்தால் 70, கீழ்ப் பாகத்தில் 60. கைக்கு: தோள் மூட்டில் 90, முழங்கைக்கு மேல் 85 அல்லது 80, மணிக்கட்டில் 60. ஆகவே அந்த மாணவருக்கு 80 அல்லது 85. தையல் பிரித்துப் புண் ஆறியதும் விண்ணப்பிக்கலாம்; கீமோ முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை, வெட்டிய கால் கீமோவுக்குப் பிறகு வளரப்போவதில்லை.

குழந்தை விஷயத்தில்தான் வேதனை. ஒரு கண் முழுக்கப் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். சான்று கிடைக்கும், 40-ஐத் தொடாது. யுடிஐடி அட்டையில் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) நிறப் பட்டை உண்டு: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். இந்தக் குழந்தைக்கு வெள்ளை. இரண்டு கண்ணிலும் புற்று வந்த குழந்தைகள் வேறு கணக்கு. மிச்சமுள்ள கண்ணின் பார்வை எவ்வளவு என்பதைப் பொறுத்து ஏறும்.

காவேரிக்கரை:
அப்படியானால் வெள்ளை அட்டை வாங்கி என்ன பயன்?

வார்டு ஏழு:
பதிவு இருக்கும். பிற்பாடு மறு கண்ணில் பார்வை குறைந்தாலோ, பிளாட்டினம் வகை மருந்தால் காது போனாலோ மறு மதிப்பீடு கேட்க அடிப்படை அதுதான்.

காது பற்றி ஒரு எச்சரிக்கை. பிளாட்டினம் வகை மருந்தான சிஸ்பிளாட்டின் முதலில் கீச்சென்ற உயர் அலை ஒலிகளைத்தான் தின்னும். குழுவோ 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் சராசரியைப் பார்க்கும். சட்டப்படி "கேட்கும் திறன் குறைந்தவர்" என்றால் இரண்டு காதிலும் 60 டெசிபெல்லாவது இழந்திருக்க வேண்டும். வகுப்பில் டீச்சர் சொல்வது பாதி புரியாத பிள்ளையின் ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனைத் தாள்) கூட இந்தச் சராசரியில் தப்பிவிடும். விண்ணப்பிக்கும் முன் ஆடியோகிராமில் அந்த நான்கு ஹெர்ட்ஸுக்கான எண்களை ஒருமுறை கூட்டி நான்கால் வகுத்துப் பாருங்கள்.

கோடைமழை:
தையல் தொழிலாளியின் கேஸைப் பேசுங்கள். அதிகம் வருவது அந்த மாதிரிதான், அதிகம் நிராகரிக்கப்படுவதும் அதுதான்.

வார்டு ஏழு:
மார்பகம் நீக்கியதற்கு வகை கிடையாது. கை வீக்கம் என்ற பெயருக்கும் கிடையாது. ஆனால் தோள் மூட்டு எத்தனை டிகிரி உயருகிறது, தசை வலு எவ்வளவு, பிடிமானம் எப்படி, தலை சீவ, சாப்பாடு எடுத்து வாயில் வைக்க, பட்டன் போட முடிகிறதா, இதெல்லாம் இயக்கக் குறைபாட்டில் வரும். குழுவின் எலும்பியல் அல்லது புனர்வாழ்வு மருத்துவர் கோணமானி வைத்து அளப்பார்.

தோள், முழங்கை பகுதிக்கு ஒரு எண், கைப்பகுதிக்கு ஒரு எண். இரண்டையும் நேராகக் கூட்ட மாட்டார்கள். சூத்திரம் இது: பெரிய எண் + சிறிய எண் × (90 − பெரிய எண்) ÷ 90. உதாரணமாகத் தோள் பகுதிக்கு 30, கைப்பகுதிக்கு 20 என்று வந்தால், 30 + 20 × 60 ÷ 90 = 43.3. வாசல்படி தாண்டியாச்சு. தோளை மட்டும் அளந்து 30 என்று அனுப்பினால் தாண்டாது. கதிர்வீச்சால் கழுத்துக்குக் கீழுள்ள நரம்புப் பின்னல் கெட்டு விரல்கள் மரத்துப்போயிருந்தால் அதையும் அளக்கச் சொல்லிக் கேட்கணும். நோயாளி "கை வீங்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் வீக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

கோடைமழை:
இதையே நானும் சொல்ல வந்தேன். இன்னொன்று, டிஸ்சார்ஜ் சம்மரி. "சிகிச்சை முடிந்தது, நோயாளி நலம்" என்ற ஒரு வரி குழுவின் கண்ணில் முதலில் படும். புற்றுநோய் மருத்துவர் அதைப் புற்று திரும்பவில்லை என்ற பொருளில் எழுதுகிறார். குழுவில் இருப்பவர் கை நன்றாக இருக்கிறது என்று படிக்கிறார். பிசியோதெரபி பிரிவில் மூட்டு அசைவு அளவு, பிடிமான அளவு, இரண்டு கைகளின் சுற்றளவு மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி வாங்கி மேலே வையுங்கள். குரல்வளை கேஸுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் அறிக்கை, கூடவே அறுவைக் குறிப்பு. "பகுதி நீக்கம்" என்றும் "முழு நீக்கம்" என்றும் இரண்டு தாளில் மாறி மாறி இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

பழைய பேரேடு:
நடுவில் ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் சான்று, சான்று என்கிறீர்கள். சம்பளத்துக்குப் போனவர்களுக்கு முதல் பணம் சான்றிலிருந்து வருவதில்லை. இஎஸ்ஐ, பி.எஃப் இரண்டையும் முதலில் பாருங்கள். அங்கே தவறு செய்தால் திருத்தவும் முடியாது.

இஎஸ்ஐ-யில் சாதாரண நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள். அது தீர்ந்த பிறகு நீட்டித்த நோய்க்கால உதவி. 34 நீண்டகால நோய்களின் பட்டியலில் புற்று இருக்கிறது. சம்பளத்தில் 80 சதவீதம், முதலில் 124 நாள், தேவைப்பட்டால் 309 வரை, மருத்துவக் குழு பரிந்துரைத்தால் மொத்தம் 730 நாள் வரை. இங்கே 40 சதவீதக் கணக்கு எதுவும் இல்லை, நோய்தான் தகுதி. நிபந்தனை: இரண்டு வருடத் தொடர் வேலை, முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் மொத்தம் 156 நாளாவது பங்களிப்பு.

இழப்பது எங்கே என்றால், கம்பெனி "உடம்பு சரியாகட்டும், ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று சொல்லும். எழுதிக் கொடுத்த நாளில் தொடர் வேலை அறுந்தது. விடுப்பில் இருங்கள், ராஜினாமா வேண்டாம். படிவம் 7 சான்றை இஎஸ்ஐ மருந்தகத்தில் இடைவெளி விடாமல் வாங்கிக்கொண்டே வரணும். வெளி மருத்துவமனையில் கீமோ நடந்தாலும் பணத்துக்கான சான்று இஎஸ்ஐ மருத்துவர் வழியாகத்தான் போகும்.

திண்ணை:
இஎஸ்ஐ-யில் நிரந்தர ஊன உதவி என்று ஒன்று இருக்கிறதே, 90 சதவீதம், வாழ்நாள் முழுக்க. அதைக் கேட்க முடியாதா?

பழைய பேரேடு:
அது வேலையில் ஏற்பட்ட காயத்துக்கும் தொழில்சார் நோய்க்கும் மட்டும். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. தொழில்சார் நோய்ப் பட்டியலில் சில புற்றுகள் இருக்கின்றன: கல்நார் தூசியால் வரும் நுரையீரல் புற்று, தார், பிட்ச், கனிம எண்ணெய் வேலையில் வரும் தோல் புற்று, சில சாய ரசாயனங்களால் வரும் சிறுநீர்ப்பைப் புற்று. சாயப்பட்டறை ஆளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று என்றால் என்ன வேலை, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்த ரசாயனம் என்று கேஸ் ஷீட்டில் பதியச் சொல்லுங்கள். பெரும்பாலான ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லோடு கேஸும் முடிந்துவிடுகிறது. பட்டியலில் உள்ள நோய்க்கான ஊன உதவியும் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்ற விகிதத்தில்தான் வரும், எல்லோருக்கும் முழு 90 அல்ல.

காவேரிக்கரை:
பி.எஃப்?

பழைய பேரேடு:
பி.எஃப் என்றால் எல்லோரும் சேமிப்பைத்தான் நினைக்கிறார்கள். நான் சொல்வது 1995 ஓய்வூதியத் திட்டம், அதாவது இபிஎஸ். சாதாரண ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டும். வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாகச் செயலிழந்தவருக்கு அந்தப் பத்து வருடம் தேவையில்லை. ஒரு மாதப் பங்களிப்பு கட்டியிருந்தாலே போதும். வாழ்நாள் ஓய்வூதியம். குறைந்தது மாதம் 1,000 ரூபாய், 2014 செப்டம்பரிலிருந்து. தொகை சின்னதுதான், ஆனால் அவருக்குப் பின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தொடரும்.

இதில் அளவுகோலே வேறு. 21 வகைகளில் பொருந்துகிறதா என்று கேட்பதில்லை. செயலிழந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த அந்த வேலைக்கு அவர் நிரந்தரமாகத் தகுதியற்றவரா என்று மருத்துவக் குழு பார்க்கும். வலது கையில் பிடிமானம் போன தையல்காரருக்கு இயக்கக் குறைபாட்டில் 35 சதவீதம்தான் வந்தாலும், தையல் வேலைக்கு முழுத் தகுதியின்மை என்று இங்கே வாதிட இடமுண்டு. இதற்கான விண்ணப்பம் படிவம் 10டி.

இரண்டு பொறிகள். ஒன்று, வேலையை விட்ட பிறகு செயலிழந்ததாகத் தேதி விழுந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. இரண்டு, பத்து வருடம் முடியாதவர்களைக் கணினிக் கடைக்காரர் "10சி போட்டு பென்ஷன் காசையும் எடுத்துடலாம்" என்று ஒரே நாளில் முடித்துவிடுவார். சில ஆயிரம் கையில் வரும். வாழ்நாள் ஓய்வூதியம் அதோடு போச்சு. 10சி-யில் கைவைக்கும் முன் 10டி-க்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கோடைமழை:
இது எனக்கே புதுத் தகவல். காவேரிக்கரை, மேசைக் குறிப்பில் இதை மேலே கொண்டுவாருங்கள்.

மனு மேசை:
ஒப்புக்கொள்கிறேன். இனி சான்றின் நடைமுறை.

விண்ணப்பம் யுடிஐடி தளத்தில்தான், படிவம் 4. 2024 அக்டோபர் திருத்தத்துக்குப் பிறகு கையால் எழுதிக் கொடுத்து முடிப்பது இல்லை. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, மருத்துவ ஆவணங்கள். வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரியிடம் போகலாம். அல்லது இந்தக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையின் மருத்துவ அதிகாரியிடம். புதுக்கோட்டைக்காரர் சென்னை அரசு மருத்துவமனையில் அறுவை செய்திருந்தால் இது பெரிய வசதி. தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகள் சான்று தராது. அடையாறு புற்றுநோய் நிறுவனமும் அரசு மருத்துவமனை அல்ல. அங்கே தரும் சம்மரி ஆவணமாகச் செல்லும், சான்றாகாது.

முடிவுக்கு மூன்று மாதம் என்பது விதி. மறுத்தால் காரணத்தை எழுத்தில், படிவம் 8-ல் தர வேண்டும். வாய்மொழியாக "வராதும்மா" என்று அனுப்பினால் அது மறுப்பு இல்லை, காகிதம் கேளுங்கள். காகிதம் இருந்தால்தான் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய முடியும்.

இன்னொரு தவறு, அவசரம். நரம்பியல் பாதிப்புக்குத் தொடங்கி ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பீடு. மூளைக் கட்டியால் ஒரு பக்கம் செயலிழந்தவரை அறுவை முடிந்த இரண்டாம் மாதமே கூட்டிக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்துகளால் வரும் கால் மரப்பும் அப்படித்தான், பாதிப் பேருக்கு மேல் மெல்ல மெல்லத் தெளியும் என்று குழு எதிர்பார்க்கும்.

வார்டு ஏழு:
கடைசி வரியில் "பாதிப் பேருக்கு மேல்" என்ற கணக்கு வேண்டாம், தெளியக்கூடும் என்றால் போதும். மருந்தும் அளவும் பொறுத்து மாறும். மாறக்கூடிய நிலை என்றால் காலவரையறையோடு தற்காலிகச் சான்று தரலாம், முழுக்க மறுக்கத் தேவையில்லை. அதைக் கேட்டு வாங்கலாம்.

மனு மேசை:
சரி, திருத்திக்கொள்கிறேன்.

கோடைமழை:
மாதப் பணம் யாரும் எழுதவில்லையே. வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம்: 18 வயது, 40 சதவீதம். 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய் ஆக்கினார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார். அதற்கு முன் விஏஓ, ஆர்.ஐ அறிக்கை. வீடு, நிலம், சம்பாதிக்கும் ஆள் எல்லாம் பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை வேறு: கடுமையான பாதிப்பு, 75 சதவீதமும் மேலும், 2,000 ரூபாய். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இரண்டில் ஒன்றுதான். ஆகவே கால் எடுத்த மாணவர் நேராக இரண்டாவதற்குப் போகட்டும். சிலர் 1,500-ல் பதிந்துவிட்டு, பிறகு ரத்துச் சான்று வாங்கத் தாலுகா ஆபீசுக்கு மாதக்கணக்கில் நடக்கிறார்கள்.

திண்ணை:
ஓட்டுநருக்கு வேலை ஒதுக்கீடு?

மனு மேசை:
அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டில் பார்வை, செவி, இயக்கம் ஆகியவற்றுக்குத் தலா 1. ஆட்டிசம், அறிவுத்திறன், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாட்டுக்குச் சேர்த்து 1. பேச்சுக் குறைபாடு தனியாக அதில் இல்லை. சான்று உண்டு, ஓய்வூதியம் உண்டு, ஒதுக்கீடு இல்லை.

ஆனால் அவர் ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்தால் கதை வேறு. பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணி, அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி ஓய்வு வரை வைத்திருக்க வேண்டும். 2016 சட்டத்தின் 20-ஆவது பிரிவு. "விருப்ப ஓய்வு" கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படிக்கக் கொடுங்கள்.

பழைய பேரேடு:
வருமான வரி இரண்டே வரி: 80டிடிபி பிரிவு நோயைப் பார்க்கும், சிகிச்சைச் செலவுக்கு வருமானத்தில் கழிவு 40,000 வரை, நோயாளிக்கு 60 வயது என்றால் 1,00,000 வரை, காப்பீட்டில் வந்ததைக் கழிக்கணும். 80யு பிரிவு ஊனச் சதவீதத்தைப் பார்க்கும், 40 சதவீதத்துக்கு 75,000, 80 சதவீதத்துக்கு 1,25,000 கழிவு, பில் தேவையில்லை. இரண்டும் பழைய வரி முறையில் மட்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு.

அதோடு, வங்கியில் 20 ரூபாய் பிடிக்கிற சுரக்ஷா பீமா திட்டத்தில் ஊன இழப்பீடு கேட்டு யாரும் அலையாதீர்கள். விபத்துக்கு மட்டும்.

வார்டு ஏழு:
எல்லாவற்றுக்கும் பிறகு விரல் ரேகையில் மாட்டுகிறவர்கள் உண்டு. கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கை, விரல் நுனித் தோல் உரிந்து ரேகை அழிந்துபோகலாம். யுடிஐடிக்கான ஆதார் சரிபார்ப்பு, இ-சேவை, ரேஷன் கடை எல்லா இடத்திலும் "பொருந்தவில்லை" என்று வரும். ஆள் மாறாட்டமோ என்று சந்தேகப்படுகிறார்கள்.

காவேரிக்கரை:
அதற்கு என்ன வழி?

வார்டு ஏழு:
கருவிழி ஸ்கேன் அல்லது கைபேசிக்கு வரும் ஓடிபி. அதற்கு ஆதாரில் கைபேசி எண் இணைந்திருக்க வேண்டும், அந்த எண் நோயாளி வீட்டில் இருக்கிற போனாக இருக்க வேண்டும். சிகிச்சை ஆரம்பிக்கிற வாரமே எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள், எண்ணை மாற்றவே ரேகை கேட்கக்கூடும். ஓய்வூதியர் வாழ்வுச் சான்றுக்கு முக அடையாளம் இருக்கிறது. ரேகை மருந்தால் அழிந்தது என்று புற்றுநோய் மருத்துவரிடம் லெட்டர்பேடில் ஒரு வரி வாங்கி, ஜெராக்ஸ் நான்கு எடுத்து ஃபைலில் வையுங்கள்.

காவேரிக்கரை:
குறித்துக்கொண்டேன். ரயில் சலுகைக்கும் இதே சான்றுதானா?

கோடைமழை:
இல்லை, அது தனிப் படிவம். அங்கே நோய்தான் தகுதி, சதவீதம் இல்லை. சிகிச்சை தரும் மருத்துவமனை கையெழுத்திட்டு முத்திரை வைக்கணும். சிகிச்சைக்கோ மறு பரிசோதனைக்கோ போகும் பயணத்துக்கு மட்டும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழு விலக்கு, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். ஊர் ஸ்டேஷன் பெயரைப் படிவத்தில் சரியாக எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனை ஊழியர் மாவட்டத் தலைநகர் பெயரை எழுதிவிட்டால், கும்பகோணத்தில் ஏற வேண்டியவருக்குத் தஞ்சாவூரிலிருந்துதான் டிக்கெட் போடுவார்கள்.